உள்ளேன் ஐயா

திருக்கடையூரில் முகூர்த்த நாளன்று காலையில் கோயிலுக்குள் போனால் கால் வைக்க இடம் இருக்காது. பிரகாரம் முழுக்கக் கலசங்கள், ஹோமப் புகை, மாலையும் கழுத்துமாக வயதான தம்பதிகள். அறுபது முடிந்தால் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம். மார்க்கண்டேயனுக்காகச் சிவபெருமான் காலனை உதைத்த தலம் என்பதால் ஆயுள் வேண்டி எங்கெங்கிருந்தோ வருவார்கள். எங்கள் பள்ளி அங்கிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம். விடுமுறை நாட்களில் நாலைந்து பேர் போய், சர்க்கரைப் பொங்கல் கிடைக்கும்வரை தூணோரம் நின்று வேடிக்கை பார்ப்போம். பிள்ளைகள், பேரன் பேத்திகள் சூழ்ந்து நின்று தலையில் தண்ணீர் ஊற்ற, நனைந்த வேட்டியோடு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தத் தாத்தாக்களைப் பார்த்தால், அவர்கள் பிறக்கும்போதே கிழவர்களாகத்தான் பிறந்திருப்பார்கள் என்று தோன்றும். எங்களுக்கு அப்போது பதினாறு வயது.

2023-ல் எங்கள் வகுப்பில் ஆறு பேர் அதே பிரகாரத்தில் நனைந்த வேட்டியோடு உட்கார்ந்தோம். அதில் நானும் ஒருவன். கோயிலில் நட்சத்திரப்படி ஆளுக்கொரு மாதம். ஆனால் அரசு வேலையில் இருந்தவர்கள் எல்லோரும் அந்த ஆண்டு மே கடைசியிலோ ஜூன் கடைசியிலோதான் ஓய்வு பெற்றோம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பதற்காக, வாத்தியார் கணக்குப் போட்டு எழுதிய பிறந்த தேதிகள்தான் அதற்குக் காரணம். எங்கள் செட்டில் பாதிப் பேருக்குச் சான்றிதழ்ப்படி பிறந்த மாதம் மே, ஜூன்தான். மாநில அரசில் இருந்தவர்களுக்கு ஓய்வு வயது 58 ஆக இருந்து, 2020-ல் 59 ஆகி, 2021-ல் 60 ஆனது. அதனால் நினைத்ததைவிட இரண்டு வருடம் கூடவே வேலை பார்த்தார்கள். நான் அஞ்சல் துறையில் இருந்தவன். எங்களுக்கு முன்பிருந்தே 60.

எங்கள் செட்டுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. தமிழ்நாட்டின் முதல் பிளஸ் டூ நாங்கள். அதற்கு முன்பு பள்ளியில் பதினோரு வருடம் படித்து எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, கல்லூரியில் ஒரு வருடம் பி.யூ.சி. படிப்பார்கள். 1978-ல் அது மாறியது. எங்களுக்கு ஒரு வகுப்பு மேலே இருந்த அண்ணன்கள் பழைய வழியில் பி.யூ.சி.க்குப் போனார்கள். நாங்கள் பள்ளியிலேயே தங்கிப் பதினொன்று, பன்னிரண்டு என்று படித்து 1980-ல் தேர்வு எழுதினோம். உயர்நிலைப் பள்ளி என்று இருந்த பெயர்ப்பலகையை அழித்து மேல்நிலைப் பள்ளி என்று புதிதாக எழுதினார்கள். பெயிண்ட் வாசனை இன்னும் நினைவில் இருக்கிறது.

அதில் ஒரு சிக்கல். கேட்டுத் தெரிந்துகொள்ள எங்களுக்கு முன்னால் படித்தவர்கள் யாரும் இல்லை. எந்தக் கேள்வி வரும், எப்படிக் கேட்பார்கள், எவ்வளவு எழுத வேண்டும் என்று சொல்ல ஒரு சீனியர் கிடையாது. பழைய வினாத்தாள் கிடையாது. ஒரு நண்பனின் அண்ணன் படித்த பி.யூ.சி. புத்தகங்களை வாங்கிப் பார்த்தோம். அவை ஆங்கிலத்தில் இருந்தன, நாங்கள் தமிழ் வழி. ஆசிரியர்களுக்கே பாடம் புதிது. இயற்பியல் ஆசிரியர் ஒருநாள் கரும்பலகைக்கு முன்னால் நின்று, "எனக்கும் இது முதல் தடவைதான்டா தம்பிகளா, சேர்ந்து பார்ப்போம்" என்றார். அவரை அதற்காகவே எங்களுக்கு அவ்வளவு பிடிக்கும்.

அதனால் நாங்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். வேதியியல் ஒருவன், கணக்கு ஒருவன், உயிரியல் இரண்டு பெண்கள் என்று பிரித்துக்கொண்டு நோட்ஸ் எழுதி, கார்பன் தாள் வைத்துப் பிரதி எடுத்து, சுற்றுக்கு விடுவோம். பையன்களும் பெண்களும் நேருக்கு நேர் பேசாத காலம். நோட்டு ஆசிரியர் மேசை வழியாகப் போய் வரும். 1980 பிப்ரவரி 16 சனிக்கிழமை, சூரிய கிரகணம். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. எங்களுக்குப் பரீட்சை நெருங்கிவிட்டதால், ஒரு நண்பனின் வீட்டு நெல் குதிருக்குப் பின்னால் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். மறுநாளே எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. கிரகணம்தான் காரணம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

இந்தப் பழங்கதையை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இப்போது அறுபதைத் தாண்டியபோது எங்களுக்கு மறுபடியும் அதே நிலைமை. எங்கள் அப்பாக்கள் பெரும்பாலும் வயலில் வேலை செய்தவர்கள். அவர்களுக்கு ஓய்வு என்று ஒன்று இருந்ததில்லை. திண்ணையில் படுத்தார்கள், ஆறேழு பிள்ளைகளில் யாராவது இரண்டு பேர் பக்கத்தில் இருந்தார்கள், வீட்டிலேயே போய்ச் சேர்ந்தார்கள். எங்களுக்கு ஒன்றோ இரண்டோ பிள்ளைகள். சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், குவைத். வங்கி போனுக்குள் இருக்கிறது. மருந்துகளால் எண்பதுக்கு மேலும் வாழ்வோம் போலிருக்கிறது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது கடந்தவர்கள். இப்போது இன்னும் கூடியிருக்கும். இந்த மாதிரி ஒரு முதுமையை எங்கள் வீடுகளில் முன்பு யாரும் வாழ்ந்து காட்டவில்லை. பழைய வினாத்தாள் கிடையாது. அப்போது செய்ததைத்தான் இப்போதும் செய்கிறோம். ஆளுக்கொரு பாடம் எடுத்து நோட்ஸ் எழுதிச் சுற்றுக்கு விடுகிறோம்.

வகுப்பில் 41 பேர், அதில் பெண்கள் 9. படிப்பு முடிந்ததும் எல்லோரும் முதலில் செய்த வேலை, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வந்தது. கல்லூரிக்குப் போனவர்கள் பன்னிரண்டு பேர். அந்த ஆண்டுதான் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 31-லிருந்து 50 சதவீதமானது. அந்தப் பன்னிரண்டு பேரில் பலர் அவர்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். மற்றவர்கள் வயல், கடை, ராணுவம், வளைகுடா. தரங்கம்பாடிக்காரன் ஒருவன் கடலுக்குப் போனான், 2004 சுனாமியில் இல்லாமல் போனான். ஊரைவிட்டு நகராமல் இருந்தவர்களுக்குக்கூட மாவட்டம் இரண்டு முறை மாறிவிட்டது. படித்தபோது தஞ்சாவூர், 1991-ல் நாகப்பட்டினம், 2020-ல் மயிலாடுதுறை. நாங்கள் இன்னும் மாயவரம் என்றுதான் சொல்கிறோம்.

வாட்ஸ்அப் குழு 2016-ல் தொடங்கியது. முதல் சந்திப்பு 2018-ல். அதில் நாங்கள் செய்த தவறுகளைச் சொல்கிறேன், சந்திப்பு நடத்த நினைக்கும் மற்ற செட்டுகளுக்கு உதவும்.

மேடை போட்டோம். பொன்னாடை போட்டோம். ஆளுக்கு இரண்டாயிரம் ரூபாய் வசூல் என்று குழுவில் பெயர் வரிசையோடு போட்டோம், கொடுத்தவர்கள் பெயருக்கு எதிரே டிக் அடித்தோம். ஒவ்வொருவரும் எழுந்து, என்ன வேலை, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று மைக்கில் சொல்ல வேண்டும் என்று வைத்தோம். வந்தவர்கள் பத்தொன்பது பேர். வராதவர்களில் ஒருவனை ஒரு மாதம் கழித்துக் கடைத்தெருவில் பார்த்தேன். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன், பூக்கடை வைத்திருக்கிறான். "ஏன்டா வரல?" என்றேன். "பையன் என்ன பண்றான்னு மைக்ல கேப்பீங்க. அவன் குடிச்சிட்டுப் படுத்துக் கிடக்கான்னு சொல்லவா?" என்றான். அதற்குப் பிறகு எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

அடுத்த சந்திப்பிலிருந்து மேடை இல்லை, மைக் இல்லை. வசூலை ஒருவன் மட்டும் வாங்கி வைப்பான், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அவனுக்கு மட்டுமே தெரியும். கொடுக்க முடியாதவனிடம் கேட்பதில்லை. பிள்ளைகளைப் பற்றி அவர்களாகச் சொன்னால் கேட்போம், நாமாகக் கேட்பதில்லை. தரைத்தளத்தில், வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள இடமாகப் பார்க்கிறோம். மூட்டு வலிக்காரர்கள் பலர் வராமல் இருந்ததற்கு அதுதான் காரணம், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பத்து மணிக்கு ஆரம்பித்து மூன்று மணிக்கு முடித்துவிடுவோம். இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கண்புரை உள்ளவர்களுக்கு ஒரு பயம் இருக்கிறது. பூக்கடைக்காரன் இப்போது தவறாமல் வருகிறான்.

காது பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் முதல் மார்க் வாங்கியவன் சந்திப்புகளில் ஒரு மூலையில் உட்கார்ந்து புன்னகைத்துக்கொண்டே இருப்பான். எது கேட்டாலும் தலையாட்டுவான். பெரிய பதவியில் இருந்தவன், நம்மோடு பேசப் பிடிக்கவில்லை போலும் என்று சிலர் நினைத்தோம். அவனுக்குக் காது கேட்கவில்லை. அவன் மனைவிக்கே அது முழுதாகத் தெரியவில்லை, வீட்டில் அவர் சத்தமாகப் பேசியே பழகியிருந்தார். ஒருநாள் நான் போனில் பேசியபோது கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வரவும்தான் பிடிபட்டது. பரிசோதனை செய்து கருவி வாங்கினான். முதல் மாதம் தட்டு வைக்கும் சத்தம்கூட இடி மாதிரி இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டான். மறுபடி போட வைக்க நான்கு பேர் மாறி மாறிப் பேச வேண்டியிருந்தது. உங்கள் நண்பன் ஒருவன் கூட்டத்தில் பேசாமல் போகிறான் என்றால், கோபித்துக்கொள்வதற்கு முன்னால் காதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் எங்களை உண்மையில் உலுக்கியது 2021 மே மாதம்.

கொரோனா இரண்டாம் அலை. வருகைப் பதிவேட்டில் 17-ம் நம்பர். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். சுற்றுவட்டாரத்தில் எந்த பம்ப்செட் பழுதானாலும் அவன்தான். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்து போய்விட்டான். எங்களில் ஒருவரும் போய்ப் பார்க்க முடியவில்லை. ஊரடங்கு தளர்ந்த பிறகு நானும் இன்னொருவனும் வீட்டுக்குப் போனோம். அவன் மனைவி ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். "அண்ணே, இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல. அவரு எல்லாத்தையும் தலையிலயே வச்சிருந்தாரு" என்றார்.

டின்னுக்குள் மூன்று பாஸ்புக், இரண்டு டெபாசிட் ரசீது, ஒரு காப்பீட்டுப் பத்திரம், வீட்டுவரி ரசீதுகள், அப்புறம் யார் யாரோ தர வேண்டிய பணத்துக்கு அவன் கிறுக்கிய துண்டுச் சீட்டுகள். வங்கி டெபாசிட்டுக்கு நாமினி அவன் அம்மா. அந்த அம்மா 2009-லேயே இறந்துவிட்டார். கணக்கு தொடங்கியபோது போட்டதை அவன் மாற்றவே இல்லை. போனுக்குப் பூட்டு எண் யாருக்கும் தெரியாது. சிம் கார்டையும் உறவினர் ஒருவர் "எதுக்கு வீண் செலவு" என்று ரத்து செய்ய வைத்துவிட்டார். அதுதான் பெரிய நஷ்டம். வட்டி வரவு, பிரீமியம் நினைவூட்டல் என்று வரும் குறுஞ்செய்திகளை வைத்துத்தான் எங்கெங்கே கணக்கு இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியும். இன்னொரு சிக்கல், இறப்புச் சான்றிதழில் பெயர் ஊரில் கூப்பிடும் பெயராகப் பதிவாகியிருந்தது. ஆதாரில் வேறு. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க மூன்று மாதம் போனது.

நான் 39 வருடம் அஞ்சலகத்தில் நாமினி படிவம் நிரப்பிக் கொடுத்தவன். அன்று இரவு வீட்டுக்கு வந்து என் பாஸ்புக்குகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் நாமினியாக என் அப்பா பெயர் இருந்தது. அவர் போய்ப் பதினாறு வருடம்.

வாரிசுச் சான்றிதழ் வாங்கினோம். தாசில்தார் கொடுப்பது அது, இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்றிதழைத் திருத்தினோம். கடை பாக்கி தர வேண்டியவர்களில் பாதிப் பேர் நேர்மையாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எல்லாம் முடிய பதினான்கு மாதம் ஆனது. அந்தப் பதினான்கு மாதத்தில் நாங்கள் கற்றதை ஒருவன் உட்கார்ந்து எழுதினான். 1980-ல் வேதியியல் நோட்ஸ் எழுதிய அதே ஆள், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கையெழுத்து அப்படியே இருக்கிறது. அதை நாங்கள் "டின் நோட்டு" என்று சொல்கிறோம். ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் வங்கிக் கணக்குகள், டெபாசிட், காப்பீடு, நிலப் பட்டா எண், பத்திரம் எங்கே இருக்கிறது, யாருக்குக் கடன், யாரிடம் வர வேண்டும், என்னென்ன மருந்து, எந்த மருத்துவர், கேஸ் இணைப்பு யார் பெயரில், மின் இணைப்பு எண் எல்லாம் இருக்கும். பாஸ்வேர்டும் பின் நம்பரும் அதில் எழுதுவதில்லை. நோட்டு எங்கே இருக்கிறது என்பது கணவன் அல்லது மனைவிக்கும், பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது எடுத்துத் திருத்த வேண்டும்.

நாமினி பற்றி அந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ள உரிமை உள்ளவர், அவ்வளவுதான். வாங்கிய பணம் சட்டப்படி வாரிசுகளுக்கோ உயிலில் சொன்னவருக்கோ போக வேண்டியது. இது தெரியாமல் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் எங்கள் பக்கம் ஏராளம். வங்கிக் கணக்குக்கு 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை நாமினி போடலாம். கணவன் மனைவி சேர்ந்து, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒருவர் போனால் மற்றவருக்கு என்ற முறையில் ஒரு கணக்காவது வைத்திருப்பது நல்லது. இறந்தவரின் ஏ.டி.எம். கார்டை வைத்து அவசரத்துக்குப் பணம் எடுக்காதீர்கள். நாளைக்கு அது வாரிசுகளுக்குள் சண்டையாக வந்து நிற்கும்.

உயில் எழுத முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாள் போதும், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். சொத்து பெறுகிறவரைச் சாட்சியாகப் போடாமல் இருப்பது நல்லது. பதிவு செய்வது கட்டாயம் இல்லை, ஆனால் செய்துவிட்டால் பின்னால் பிரச்சினை குறையும். சார்பதிவாளர் அலுவலகத்தில் செய்யலாம். எங்கள் செட்டில் 2022-ல் ஒரே மாதத்தில் ஐந்து பேர் போய்ப் பதிவு செய்தோம். உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்று பயந்த ஒருவனை, திருக்கடையூரில் அர்ச்சனை செய்துவிட்டு நேராக அழைத்துப் போனோம். நன்றாக இருக்கிறான்.

உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுப்பதில்தான் எங்களுக்குப் பெரிய அடி. குவைத்தில் இருபத்திரண்டு வருடம் உழைத்துக் கட்டிய வீட்டை மகன் பெயருக்குத் தானசெட்டில்மென்ட் செய்துகொடுத்த நண்பன் ஒருவன் இருக்கிறான். இன்று வாடகை வீட்டில் இருக்கிறான். மகன் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன், அவனுக்கும் கடன் நெருக்கடி இருந்தது. ஆனால் பத்திரத்தில் ஒரு வரி இருந்திருந்தால் நிலைமையே வேறு. பெற்றோரைப் பராமரிக்க வேண்டும், அவர்கள் ஆயுள்வரை வீட்டில் குடியிருக்கும் உரிமை உண்டு என்று நிபந்தனை எழுதியிருந்தால், 2007-ம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை இல்லாததால் அவன் வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. எழுதிக் கொடுக்க நினைப்பவர்கள் எங்களிடம் கேட்டால் நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது, "உயிலாக எழுது. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அந்த வரியைச் சேர்" என்பதுதான்.

பெண்களைக் கண்டுபிடிக்கத்தான் எங்களுக்கு அதிக நாள் ஆனது. கல்யாணமானதும் இனிஷியல் மாறிவிட்டது, ஊர் மாறிவிட்டது. ஒன்பது பேரில் ஏழு பேரை அவர்கள் அண்ணன் தம்பிகள் மூலமாக, ஊர்த் திருவிழாவில் விசாரித்துத்தான் கண்டுபிடித்தோம். அவர்கள் வந்த பிறகுதான் எங்கள் பேச்சே மாறியது. அதுவரை நாங்கள் பழைய வாத்தியார்களைப் போலப் பேசிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தோம். உயிரியல் நோட்ஸ் எழுதிய இருவரில் ஒருவர் கேட்டார்: "நீங்கள் எல்லோரும் ரிட்டயர் ஆகிவிட்டீர்கள். எங்களுக்கு எப்போது?" மாமியாரைப் பார்த்து, மாமனாரைப் பார்த்து, இப்போது பக்கவாதம் வந்த கணவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, உள்ளூரில் இருக்கும் இரண்டு குடும்பங்கள் மாதத்தில் இரண்டு நாள் அவர் வீட்டுக்குப் போய் அந்தக் கணவரோடு இருக்கிறார்கள். அவர் அன்று மகள் வீட்டுக்கோ, கோயிலுக்கோ, சும்மா தூங்கவோ போகலாம்.

சொத்து விஷயத்திலும் அவர்கள் கதை வேறு. மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-ல் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அது அமலுக்கு வந்தபோது ஏற்கெனவே கல்யாணமாகியிருந்த பெண்களுக்குப் பொருந்தாது. எங்கள் வகுப்புப் பெண்களில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் அதற்குள் கல்யாணம் முடிந்திருந்தது. 2005-ல் மத்தியச் சட்டம் அந்த வித்தியாசத்தை எடுத்தது. அதற்குள் பல வீடுகளில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகிவிட்டது, 2004 டிசம்பர் 20-க்கு முன்பு அப்படிப் பதிவானவற்றைத் திருப்ப முடியாது. இன்னும் பிரிக்காத சொத்து உள்ள இருவருக்கு மட்டும் இது பயன்பட்டது. இருவருமே அண்ணன்களோடு உட்கார்ந்து பேசி முடித்தார்கள். ஒருவருக்குப் பேசப் போகும்போது நானும் கூடப் போனேன். பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால், படித்துப் பார்த்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் போடுகிறேன் என்று சொல்லும் தைரியம் வந்தாலே போதும் என்பார் அவர்.

மோசடி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து, உங்கள் ஆதாரில் குற்றம் நடந்திருக்கிறது, டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், யாரிடமும் பேசக் கூடாது என்று மிரட்டுகிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையாது. எங்களில் ஒருவர் நான்கு மணி நேரம் அறைக்குள் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு ஒரு பேச்சு வைத்துக்கொண்டோம். யாரிடமும் சொல்லாதே என்று யார் சொன்னாலும், போனை வைத்துவிட்டு நம்மில் ஒருவனைக் கூப்பிட வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும், முதல் சில மணி நேரம் முக்கியம். ஏமாந்தவரைக் குழுவில் யாரும் கேலி செய்யக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறோம். கேலி செய்தால் அடுத்தவன் சொல்ல மாட்டான்.

இப்போது நாங்கள் தினமும் செய்யும் ஒன்று இருக்கிறது. எங்களில் ஏழு பேர் தனியாக வசிக்கிறார்கள். 2022 கடைசியில் அவர்களில் ஒருவன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மறுநாள் பால்காரர் வரும்வரை அப்படியே கிடந்தான். அதற்குப் பிறகு குளியலறையில் கைப்பிடி போடுவது, உள்தாழ்ப்பாள் போடாமல் இருப்பது, மாற்றுச் சாவி பக்கத்து வீட்டில் கொடுத்து வைப்பது எல்லாம் செய்தோம். அதோடு பள்ளி வருகைப் பதிவையும் திரும்பக் கொண்டுவந்தோம். தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு, அதில் வேறு எந்தச் செய்தியும் போடக் கூடாது, காலை வணக்கப் படம்கூடக் கூடாது. எட்டு மணிக்குள் பழைய நம்பரைப் போட்டு "உள்ளேன்" என்று எழுத வேண்டும். சிலர் பழக்கத்தில் "உள்ளேன் ஐயா" என்றே போடுகிறார்கள். ஸ்மார்ட்போன் இல்லாத இருவர் எனக்கு மிஸ்டு கால் கொடுப்பார்கள், நான் போட்டுவிடுவேன். எட்டரை வரை பதில் இல்லையென்றால் அருகில் இருப்பவன் போன் செய்வான். ஒன்பது மணிக்கு நேரில் போவான். யார் வீட்டுக்கு யார் அருகில் என்று பட்டியல் இருக்கிறது.

தனியாக இருப்பவர்களுக்கென்று ஆரம்பித்தது. இப்போது எல்லோருமே போடுகிறார்கள்.

17-ம் நம்பர் ஒன்றரை வருடம் காலியாக இருந்தது. ஒருநாள் அவன் மனைவி கேட்டார், பிள்ளைகள் இருவரும் வெளியூரில், நானும் தனியாகத்தானே இருக்கிறேன் அண்ணே என்று. வகுப்பில் படிக்காதவரைச் சேர்க்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. அவர் புது நம்பர் எதுவும் கேட்கவும் இல்லை.

இன்று காலை எட்டரை தாண்டியும் 17 வரவில்லை. நான்தான் அருகில் இருப்பவன். இரண்டு முறை அடித்தேன், எடுக்கவில்லை. சைக்கிளை எடுத்துவிட்டேன். பாதி வழியில் போன் வந்தது. பின்னால் ஒரே கூச்சல்.

"ரேஷன் கடையில நிக்கிறேண்ணே. கைரேகை விழ மாட்டேங்குது, நாலு தடவை வச்சுப் பாத்துட்டாங்க. துவரம்பருப்பு வந்திருக்கு, விட்டுட்டு வர முடியல. நீங்களே எனக்குப் போட்டுருங்க, உள்ளேன்னு."

சாலையோரம் சைக்கிளை நிறுத்தி, கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, 17 உள்ளேன் என்று டைப் செய்தேன்.